வளைவில் ஃபுட்பெக் (கால்தாங்கி) உரசுகிறதா? காசைக் கொடுக்குமுன் அறிகுறியைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் நண்பரின் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். நடுத்தர பைக்குகளுக்கான 2ஏ உரிமம் எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்ததும் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, இந்த ரியர்செட் 280 வெள்ளி சொல்றாங்க. வாங்கலாமா? வளைவுல பெக் தரையில தேயுது." ரியர்செட் என்றால் பெக், பிரேக் பெடல், கியர் லீவர் எல்லாம் பிராக்கெட்டோடு சேர்ந்த தொகுப்பு. நான் படத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் பைக்கின் இடது பக்கத்தைப் பார்த்தேன். பெக் நுனியில் தொங்கும் ஃபீலர் போல்ட்டின் கறுப்புப் பூச்சு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, சைட் ஸ்டாண்டைக் காலால் தள்ளிவிடும் அந்தக் காது மட்டும் தேய்ந்து வெள்ளியாய்ப் பளபளத்தது. ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்து, மடக்கிய பிறகும் இரண்டு விரல் அளவு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கை மாற்றினோம். 280 வெள்ளி அவர் பையிலேயே இருந்தது.

இப்படி வாராவாரம் யாராவது வருகிறார்கள். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபுட்பெக் தரையில் படுவது பழுது இல்லை. மேலே மடங்கும்படி ஸ்பிரிங் வைத்து, நுனியில் ஒரு போல்ட்டையும் தொங்கவிட்டு கம்பெனி பைக்கை அனுப்புவதே அது முதலில் பட வேண்டும் என்பதற்காகத்தான். "இதற்கு மேல் சாய்க்காதே" என்று அது உங்கள் காலுக்குச் சொல்கிறது. அதற்கு மேலே இருப்பவை சைலன்சர், ஸ்டாண்டு, ஃபிரேம், எஞ்சின் கவர். அவை எதுவும் மடங்காது. பெக்கை உயர்த்தும்போது இந்த முன்னறிவிப்பையும் சேர்த்தே தள்ளிவைக்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சத்தம் வருகிறது, எது உரசுகிறது என்று தெரியவில்லை

தலைக்கவசத்துக்குள் எல்லா உரசலும் ஒரே சத்தம்தான். காதை நம்பாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் பிழையை அழிக்கப் பயன்படுத்தும் வெள்ளை மை ஒரு புட்டி வாங்குங்கள். ஃபீலர் போல்ட்டின் நுனி, பெக்கின் வெளி விளிம்பு, கியர் லீவர் நுனி, பிரேக் பெடல் நுனி, சைட் ஸ்டாண்டின் காது, சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதன் கால், சைலன்சரின் அடிவயிறு, இத்தனை இடத்திலும் ஒரு சொட்டு வையுங்கள். பூட்ஸின் வெளி ஓரத்திலும் ஒரு கோடு போடுங்கள். காயவிட்டு, வழக்கமாக உரசும் பாதையில் வழக்கமான வேகத்தில் போய்வந்து பாருங்கள். வெள்ளை எங்கே போயிருக்கிறதோ அதுதான் குற்றவாளி.

உரசிய தடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல உரசல் போல்ட்டின் அடியில் ஒரு சரிவான முகத்தை உண்டாக்கியிருக்கும், பென்சிலைச் சாய்த்துத் தேய்த்த மாதிரி. கோடுகள் எல்லாம் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் ஓடும். கோடுகள் கோணல்மாணலாக இருந்தாலோ, உலோகம் சிதைந்து பிசிறு எழுந்திருந்தாலோ அது வளைவில் வந்தது இல்லை. எங்கோ நடைபாதை விளிம்பில் இடித்தது, அல்லது முந்தைய உரிமையாளர் கீழே போட்டது. பழைய பைக் வாங்கியவர்கள் இந்த இரண்டாவதைப் பார்த்து, "ஓ, இவ்வளவு சாய்த்திருக்கிறார்களே" என்று மயங்கிவிடுகிறார்கள்.

இந்தச் சோதனைக்காகப் பழைய அப்பர் தாம்சன் ரோட்டுக்குப் போகாதீர்கள். 1961 முதல் 1973 வரை கிராண்ட் ப்ரீ பந்தயம் ஓடிய பாதையின் ஒரு பகுதி அது. சுமார் 4.8 கிலோமீட்டர் சுற்று, அதில் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. அந்தப் பெயருக்காகவே இன்றும் அங்கே சாய்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இன்று அது காட்டை ஒட்டிய பொதுச்சாலை. ஈர இலையும் குரங்கும் வளைவுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும்.

சாதாரண வேகத்திலேயே இரண்டு பக்கமும் உரசுகிறது

இதில்தான் அதிகம் பேர் தவறான இடத்தில் காசு செலவழிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் ஒரு சுற்றுவழியை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் ஆரம் 50 மீட்டர், உங்கள் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் பைக் சாயவேண்டியது சுமார் 30 டிகிரி. டயரின் அகலத்தால் இன்னும் சில டிகிரி கூடும். நல்ல நிலையில் இருக்கும் நேக்கட் பைக்கோ ஸ்போர்ட் பைக்கோ 40 டிகிரிவரை எதையும் உரசாமல் போகும். அப்படிப்பட்ட பைக் இந்தச் சுற்றுவழியிலேயே உரசினால், பெக்கைத் தாழ வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. பைக் தாழ்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். க்ரூசர் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவை பல 30 டிகிரிக்குப் பக்கத்திலேயே உரசும், அதுதான் அவற்றின் அமைப்பு.

இப்போது உங்கள் பைக்கை அளந்து பாருங்கள். நீங்கள் உட்கார, ஒருவர் முன்னால் நின்று பைக்கை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் டேப்பால் இரண்டு அளவு எடுக்கட்டும். ஃபீலர் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரம்? டயரின் நடுக்கோட்டிலிருந்து அது எவ்வளவு வெளியே? உதாரணத்துக்கு உயரம் 260 மி.மீ., வெளியே 290 மி.மீ. என்று வைப்போம். 260-ஐ 290-ஆல் வகுத்து, கைப்பேசிக் கணிப்பானில் ஆர்க்டேன் (tan⁻¹) போட்டால் 42 டிகிரி வரும். உருண்டையான டயர் சாயும்போது தரையைத் தொடும் இடம் நகர்வதால் உண்மையான எண் கொஞ்சம் மாறும். ஆனால் முன்பின் ஒப்பிட்டுப் பார்க்க இது தாராளமாகப் போதும்.

பெக்கை 15 மி.மீ. உயர்த்தினால்? 275-ஐ 290-ஆல் வகுங்கள். 43.5 டிகிரி. நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் பொருள் தருவது ஒன்றரை டிகிரி. உயர்த்தாமல் 15 மி.மீ. குட்டையான பெக் போட்டாலும் ஏறக்குறைய அதே அளவுதான் கிடைக்கும். இரண்டையும் செய்தால் 45.

இனி எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். வளைவில் பைக் சாயும்போது சஸ்பென்ஷன்மேல் விழும் பாரம் கூடும். 30 டிகிரியில் ஏறக்குறைய 15 சதவீதம் அதிகம். 42 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு அதிகம். 45-ல் 41 சதவீதம். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் இந்தப் பாரத்தில் பைக் அமுங்கும். பெக் இருக்கும் இடம் கூடுதலாக 20 மி.மீ. தாழ்ந்தால் உங்கள் 42 டிகிரி 39.6 ஆகிவிடும். பெக் கொடுக்கும் ஒன்றரை டிகிரியைவிட ஸ்பிரிங் தின்னும் டிகிரி அதிகம். அதனால் முதலில் பிடிக்க வேண்டியது பின் ஷாக்கின் பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு.

பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே வால்பகுதியில் ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளுங்கள். பிறகு பைக்கை இறக்கி, வழக்கமாக அணியும் ஜாக்கெட், பூட்ஸ், பையோடு நீங்கள் உட்கார்ந்து அதே இடத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மொத்தம் அசையக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கவேண்டும். சாலை பைக்குகளில் பெரும்பாலும் 30 முதல் 40 மி.மீ. வரை. 55, 60 என்று வந்தால் உங்கள் பதில் கிடைத்துவிட்டது. பைக்கோடு வந்த சி ஸ்பேனரால் பிரீலோட் வளையத்தை ஒரு படி ஏற்றி மறுபடி அளங்கள். செலவு ஒன்றுமில்லை.

உணவு விநியோகம் செய்யும் நண்பர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். பின்னால் பெட்டியும் அதில் 10 கிலோ சுமையும் இருந்தால் தனியாக உட்கார்ந்து எடுத்த அளவு உங்களுக்குப் பொருந்தாது. சுமையோடு அளங்கள், சுமைக்கேற்ப ஏற்றுங்கள். மனைவியைப் பின்னால் வைத்து ஓட்டுபவர்களுக்கும் இதேதான்.

பிரீலோட் சரியாக இருந்தும் உரசினால், பைக்கை யாராவது தாழ்த்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். நம் ஊரில் இது சர்வசாதாரணம். சிக்னலில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படவேண்டும் என்று பின்பக்கத்தைத் தாழ்த்தும் லோயரிங் லிங்க் என்ற இணைப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். பின் அச்சில் 25 மி.மீ. தாழ்த்தினால், பெக் இருக்குமிடத்தில் சுமார் 15 மி.மீ. தாழும். மேலே போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். லிங்க்குக்கு ஒரு முறை காசு கொடுத்து ஒன்றரை டிகிரியை இழந்து, அதையே திரும்பப் பெற பெக்குக்கு இன்னொரு முறை காசு கொடுக்கிறோம். அப்போதும் சைலன்சரும் ஸ்டாண்டும் தாழ்ந்தே இருக்கும், பெக் மட்டும்தான் உயரும். என் அபிப்பிராயம் உறுதியானது. லிங்க்கைக் கழற்றிவிட்டு, சீட்டின் பக்கவாட்டுப் பஞ்சைக் குறுக்கித் தைத்துக்கொள்ளுங்கள். கால் எட்டவும் செய்யும், பைக்கும் தன் உயரத்தில் நிற்கும்.

டயர் அளவு மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 140/70 போடவேண்டிய இடத்தில் 140/60 போட்டிருந்தால் பக்கச்சுவர் 98 மி.மீ. இருந்தது 84 ஆகிவிடும். பின் அச்சே 14 மி.மீ. இறங்கிவிட்டது. காற்று குறைவாக இருந்தாலும் இறங்கும். அது நின்றுகொண்டிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது

இடது பக்கம் என்றால் சைட் ஸ்டாண்டும் கியர் லீவரும். வலது பக்கம் என்றால் பிரேக் பெடலும் சைலன்சரும். இரண்டு பக்கமும் பெக் உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெக்கைத் தாங்கும் பிராக்கெட் வளைந்திருக்கிறது. கார்நிறுத்துமிடத்தில் யாரோ இடித்துத் தள்ளிவிட்டு நிமிர்த்தி வைத்துப் போயிருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்தேயிருக்காது. அலுமினிய பிராக்கெட்டை அடித்து நிமிர்த்தாதீர்கள். மறுபடி வளையும்போது வளையாது, உடையும்.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் ஒரு பக்கம்தான் உரசுகிறது என்றால் காரணம் நீங்கள் ஓட்டும் விதத்தில் இருக்கலாம். பலருக்கு ஒரு பக்கம் திரும்பும்போது உடல் பைக்கோடு போகாமல் எதிர்ப்பக்கமாக நிமிர்ந்து நிற்கும். உடல் வெளியே நின்றால், அதே வேகத்துக்குப் பைக் இன்னும் கூடுதலாகச் சாயவேண்டியிருக்கும். தாடையை உள்பக்கக் கண்ணாடியின் திசைக்குக் கொண்டுபோய், உள்பக்கத் தோளைத் தாழ்த்திப் பாருங்கள். முட்டியைத் தரையில் தேய்க்கும் வித்தையெல்லாம் வேண்டாம், இந்த ஒரு சிறு அசைவே இரண்டு மூன்று டிகிரி மிச்சப்படுத்தும். வளைவின் நடுவில் பயந்து த்ராட்டிலைச் சட்டென்று மூடுவதும் உரச வைக்கும், முன்பக்கம் அமுங்கிவிடுவதால்.

பெக் தொடவில்லை, பூட்ஸ்தான் தேய்கிறது

பாதத்தின் நடுக்குழி பெக்கின்மேல் இருக்கிறது. அதனால் பெருவிரல் பக்கம் முன்னால் நீண்டு கீழே தொங்குகிறது. வளைவுக்கு முன்பே கியரையும் பிரேக்கையும் முடித்துக்கொண்டு, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பகுதி பெக்கில் படும்படி பாதத்தைப் பின்னிழுத்து வையுங்கள். தீர்ந்தது. இதற்குப் பெக் வாங்க வேண்டாம்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று, ஃபீலர் இன்னும் நேர்மையாகத் தேய்கிறது

இப்போதுதான் வாங்கும் நேரம். செப்பாங் பந்தயத் தடத்தில் பயிற்சி நாளுக்குப் போகிறவர்களும், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையை விரும்பி ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் இங்கே வந்து நிற்பார்கள்.

முதலில் பார்க்கவேண்டியது மடங்குமா என்பது. பந்தயத்துக்கென்று செய்யும் சில ரியர்செட்டுகளில் பெக் திருகி இறுக்கிய ஒரே தண்டு, மடங்கவே மடங்காது. அவை விழுந்தாலும் உடையாமல் நிற்கவேண்டும் என்று தடத்துக்காகச் செய்யப்பட்டவை. சாலையில் அது தரையில் ஊன்றினால் நெம்புகோலாகி பின் சக்கரத்தைத் தூக்கிவிடும். சாலைக்கு மடங்கும் பெக்தான், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. கடையிலேயே கையால் மேலே தள்ளிப் பாருங்கள். லேசாக மடங்கி, விட்டதும் தானே இறங்கவேண்டும்.

அடுத்தது உங்களுக்கு வேண்டியது பெக் மட்டுமா, முழு ரியர்செட்டா என்பது. பெக்கை மட்டும் மாற்றினால் பிராக்கெட்டும் துளையும் பழையதே. குட்டையான பெக், ஃபீலர் இல்லாத பெக், அல்லது கழுத்தில் மேலே ஏற்றிவைக்கும் இணைப்போடு வரும் பெக் என்று கிடைக்கும். பெடல், லீவர் எதையும் தொடவேண்டியதில்லை, கெட்டுப்போவதற்கும் அதிகம் இல்லை. ரியர்செட் என்றால் பிராக்கெட், பெடல், லீவர் எல்லாம் மாறும். பல துளைகள் இருக்கும், உயரமும் பின்தள்ளலும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். சாலையில் மட்டும் ஓட்டுபவருக்குப் பெக்கே போதும் என்பேன்.

ஃபீலரை மட்டும் கழற்றிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இடைவெளி கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு தேய்வது பெக்கின் உடல். போல்ட்டை மாற்ற ஆகும் செலவு வேறு, பெக்கை மாற்ற ஆகும் செலவு வேறு.

வடிவத்தைவிடப் பூட்டும் இடத்தின் அளவு முக்கியம். பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவில் உள்ள அகலம், பெக்கைப் பூட்டும் ஊசி போகும் துளையின் விட்டம், பெக் வந்து நிற்கும் தட்டையான முகம், இம்மூன்றையும் வெர்னியரால் அளந்துகொண்டு போங்கள். "எல்லா பைக்குக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் 6061 அல்லது 7075 ரக அலுமினியத்தில் கடைந்ததாக இருக்கட்டும். வார்ப்பில் செய்தது படத்தில் ஒரே மாதிரி தெரியும். கையில் எடுத்துப் பார்த்தால் உள்மூலைகளில் சொரசொரப்பும் அச்சு சேர்ந்த கோடும் தெரியும்.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு என்னிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. 20 மி.மீ. கனத்தில் ஒரு மரத்துண்டை இப்போதைய பெக்கின்மேல் கேபிள் டையால் கட்டுங்கள். பைக் ஸ்டாண்டில் நிற்கட்டும், ஓட்டக்கூடாது. ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் இருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் முழங்காலுக்குப் பின்னால் இழுக்க ஆரம்பித்தால், மலேசியாவின் மெர்சிங்வரை அந்த உயரத்தில் போகமுடியாது. 10 மி.மீ. துண்டை வைத்துப் பாருங்கள்.

மாற்றிய பிறகு: பின்பக்கம் கருகிய வாடை, பைக் கனமாகத் தெரிகிறது

உடனே நிறுத்துங்கள். இந்தப் பட்டியலில் உயிரை எடுக்கக்கூடியது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் நானே ஒரு ரியர்செட் பூட்டிக்கொண்டு கோத்தா திங்கிக்குக் கிளம்பினேன். கடற்பாலம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஜோகூர் பாருவைத் தாண்டியதும் த்ராட்டிலை விட்டால் பைக் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வேகம் இழந்தது. எதிர்காற்று என்று நினைத்தேன். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பின்னால் தள்ளினால் நகரவில்லை. பின் டிஸ்க் ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. தண்ணீர்ப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன், சுர்ரென்று ஆவியாகிப் போனது. இன்னும் பத்து கிலோமீட்டர் போயிருந்தால் ஓட்டத்திலேயே பின் சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும்.

காரணம் எளியது. பிரேக் பெடலுக்கும், பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் புஷ்ராடு என்ற தண்டு இருக்கிறது. பெடலைக் கால் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவருவதற்காக அந்தத் தண்டைத் திருகி நீட்டியிருந்தேன். ஒரு சுற்று அதிகம். காலை எடுத்த பிறகும் தண்டு பிஸ்டனை ஒரு மயிரிழை அழுத்திக்கொண்டே இருந்தது. அப்படி இருந்தால், ஆயில் கிண்ணத்துக்குத் திரும்பும் சிறு துளையைப் பிஸ்டன் மூடிவிடும். பேட் லேசாக உரசிச் சூடாகும். சூட்டில் ஆயில் விரியும். விரிந்த ஆயிலுக்குத் திரும்பிப் போக வழியில்லை, அதனால் பேட்டை இன்னும் அழுத்தும். சூடு கூடக்கூட பிடி கூடும்.

சரிசெய்யும் விதம்: பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டில் பைக்கை ஏற்றி, பெடலைக் கையால் அழுத்துங்கள். பிஸ்டன் அசையத் தொடங்குமுன் பெடலில் ஒரு சின்ன வெற்று அசைவு விரலுக்குத் தெரியவேண்டும். அளவு உங்கள் பைக்கின் கையேட்டில் இருக்கும். தெரியவில்லை என்றால் புஷ்ராட்டைக் குறுக்குங்கள். பெடல் உயரத்தைப் பெடலின் நிறுத்து போல்ட்டில் சரிசெய்யுங்கள், புஷ்ராட்டில் அல்ல. பிறகு பெடலை நன்றாக மிதித்து விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுற்றவேண்டும். வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி ஸ்டாண்டில் ஏற்றிச் சுழற்றுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே சுற்றினால்தான் முடிந்தது. ஒரு முறை நீலம் பாயும் அளவுக்குச் சூடேறியிருந்தால் ஆயிலையும் பேட்டையும் மாற்றிவிடுங்கள், டிஸ்க் கோணலாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் விளக்கு எப்போதும் எரிகிறது, அல்லது எரியவே இல்லை

ஸ்பிரிங்கால் இழுபடும் பின் பிரேக் சுவிட்ச் உள்ள பைக்குகளில் பெடல் இடம் மாறினால் இழுவை மாறும். எப்போதும் எரிந்தால் சுவிட்சின் நட்டைத் திருகி உடலைக் கீழிறக்குங்கள், எரியாவிட்டால் மேலேற்றுங்கள். நட்டைத்தான் சுற்றவேண்டும், சுவிட்சையே சுற்றினால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும். விளக்கு எப்போதும் எரிவதைச் சிறிய விஷயமாக விட்டுவிடாதீர்கள். நீங்கள் உண்மையில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வரும் லாரிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

கியர் சரியாக விழவில்லை, நடுவில் நியூட்ரலில் நின்றுவிடுகிறது

கியர் ராடும் எஞ்சினிலிருந்து வெளிவரும் கையும் சந்திக்கும் கோணத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 90 டிகிரி இருக்கவேண்டும். 60-க்கோ 120-க்கோ போயிருந்தால் மேலே போடும்போதும் கீழே போடும்போதும் ஒரே அளவு தள்ளல் கிடைக்காது. கையைப் பல்லிலிருந்து கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டு, ராட்டின் நீளத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். இரண்டு பக்க லாக் நட்டையும் இறுக்க மறக்கவேண்டாம். ஒரு முனையில் இடதுபுரி (எதிர்த்திசையில் இறுகும் மரை) இருக்கும், அதைத் தெரியாமல் மறுபக்கம் திருகி மரையை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாதம் மரத்துப்போகிறது

கம்பெனி பெக்கில் ரப்பர் இருக்கும், பலவற்றில் அடியில் ஒரு எடைக்கட்டியும் இருக்கும். எஞ்சின் அதிர்வு காலுக்கு வராமல் தடுப்பது அவைதான். கடைந்த அலுமினிய பெக்கில் இரண்டும் இல்லை. குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் மரத்துப்போனால் அதுதான் காரணம். ரப்பர் பதித்த பெக்கைத் தேடுங்கள். எல்லா வேகத்திலும் மரத்துப்போனால் பெக் மிக உயரமாக இருக்கிறது. முழங்கால் அதிகம் மடங்கி இரத்த ஓட்டம் குறைகிறது, ஒரு துளை இறக்குங்கள்.

மழையில் கால் வழுக்குகிறது

நம் ஊரில் இது வாரத்துக்கு மூன்று முறை வரும் சோதனை. பெக்கின் மேற்பரப்பில் வெட்டிய பற்கள் கூர்மையாகவும், நடுநடுவே தண்ணீர் வடிய இடம் விட்டும் இருக்கவேண்டும். வெறும் வரிக்கோடு போட்ட உருளை பெக் அழகாக இருக்கும், ஈரத்தில் சோப்புக்கட்டி மாதிரி. பற்கள் கூராக இருந்தால் பூட்ஸின் அடிப்பாகம் சீக்கிரம் தேயும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பக்கத்துக் கடைக்குத்தானே என்று செருப்போடு ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செருப்பின் மெல்லிய அடி அந்தப் பற்களில் மாட்டிக்கொண்டு, சிக்னலில் காலை ஊன்றவேண்டிய நேரத்தில் வராது.

பெக் தொங்குகிறது, ஆடுகிறது, மடங்கினால் திரும்பவில்லை

நுனி கீழ்நோக்கித் தொங்கினால் வாங்கிய இடைவெளி முழுவதும் போய்விட்டது. நுனி 10 மி.மீ. இறங்கினால் ஏறக்குறைய ஒரு டிகிரி காலி. ஊசி போகும் துளையில் தேய்மானமா, காதுகளுக்கு நடுவில் இடம் அதிகமா என்று பாருங்கள். இடம் அதிகமானால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் வாஷர் வைத்து நிரப்பலாம். துளையே நீள்வட்டமாகியிருந்தால் பிராக்கெட்டை மாற்றவேண்டும். மடங்கித் திரும்பாத பெக்கில் பெரும்பாலும் ஸ்பிரிங்கின் ஒரு கால் தவறான பக்கம் மாட்டியிருக்கும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், புதியது சில காசுகள்தான்.

பெக் உரசவே இல்லை, திடீரென்று பின் சக்கரம் நழுவியது

இதைப் படிப்பவர்கள் யாருக்கும் இது நடக்கவேண்டாம் என்றே எழுதுகிறேன். பெக்கை அதிகம் உயர்த்திவிட்டால் அடுத்து தரையைத் தொடுவது சைலன்சரோ ஸ்டாண்டின் முட்டோதான். அது மடங்காது. சத்தம் கேட்கும் நேரத்துக்குள் பாரம் டயரிலிருந்து அந்த இரும்புக்கு மாறியிருக்கும். எச்சரிக்கையும் விபத்தும் ஒரே நொடியில் வரும்.

புதிய பெக் போட்டதும் ஒரு நீளமான மட்டக்கோலையோ நேரான மரச்சட்டத்தையோ எடுங்கள். ஒரு முனையைப் பின் டயரின் ஓரத்தில் தரையோடு வைத்து, மறுமுனையை மெதுவாக உயர்த்துங்கள். முதலில் தொடுவது பெக் நுனியாக இருக்கவேண்டும். சைலன்சர் அடியிலும் ஸ்டாண்டின் அடியிலும் இதையே செய்து பாருங்கள். வேறு எதுவாவது முந்திக்கொண்டால் பெக்கை ஒரு துளை இறக்குங்கள், அல்லது இன்னும் நீளமான ஃபீலர் போடுங்கள். இரண்டும் முடியாது என்றால் உங்கள் பைக்கின் எல்லை அதுதான். ஈரச் சாலையிலும், சாலைப்பணி நடக்கும் இடத்தில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளிலும் இந்த டிகிரிக் கணக்கு எதுவும் உதவாது. அங்கே டயர் பெக்குக்கு வெகுமுன்பே கைவிட்டுவிடும்.

பூட்டும் நாளும் அதற்கு மறுவாரமும்

வாங்குமுன் ஒன்மோட்டோரிங் தளத்தில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளைப் படித்து, தேவையென்றால் ஆணையத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மூன்று வயது தாண்டிய பைக் வருடாவருடம் பரிசோதனைக்குப் போகவேண்டும். பெடலும் பிரேக் விளக்கும் ஒழுங்காக இல்லாமல் அங்கே போய் நிற்கவேண்டாம். கழற்றிய பழைய பாகங்களை போல்ட்டோடு ஒரு பையில் போட்டு, எந்தப் பக்கம் என்று எழுதிவையுங்கள்.

போல்ட் மரையில், தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு, டார்க் ரெஞ்ச்சில் கையேடு சொல்லும் அளவு. அலுமினிய மரையில் "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் மரை உரிந்துவிடும். இறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையின் குறுக்கேயும் பெயிண்ட் பேனாவால் பிராக்கெட்வரை ஒரு கோடு போடுங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அந்த போல்ட்டைக் கழற்றி, மரையைத் துடைத்து, லாக்டைட் விட்டு மறுபடி இறுக்குங்கள்.